சகோதரிகளே! சகோதரர்களே!
வானொலி அமீன் சயானியின் வாழ்வு

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பீகார், உத்தரப் பிரதேசச் சகோதரர்கள் பலர் இன்று கவரைப்பேட்டையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாடகைக்குக் குடியிருக்கின்றனர். ஜும்ஆ நாட்களில் எங்கள் பள்ளிவாசலின் பின்வரிசைகளை நிறைப்பவர்கள் அவர்களே. 2024 பிப்ரவரி 23 அன்று தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, மகனுடன் சில நாள் தங்கிச் செல்ல வந்திருந்த பீகார் முதியவர் ஒருவர், “அமீன் ஸாஹிப் மவ்த்தாகிவிட்டாரே, தெரியுமா?” என்று உருதுவில் என்னிடம் கேட்டார். தம் ஊர் ஆலிம் ஒருவரைக் குறிப்பிடுகிறார் என்றெண்ணி, “இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்” என்றேன். பேச்சு வளர்ந்த பிறகே, மூன்று நாட்களுக்கு முன் மும்பையில் 91ஆம் வயதில் காலமான வானொலி அறிவிப்பாளர் அமீன் சயானியைத்தான் அவர் சொன்னார் என்பது விளங்கிற்று.

திரைப்படப் பாடல் நிகழ்ச்சி நடத்திய ஒருவரைப் பற்றி நமது இதழில் எழுதுவானேன் என்று பெரியவர்கள் சிலர் கேட்கக்கூடும். அக்கேள்வி எனக்கும் எழுந்ததுதான். பாடல்களைப் பற்றி எழுத நான் வரவில்லை. ஓர் இஸ்லாமியக் குடும்பத்தின் தாய் தம் மகனுக்குக் கொடுத்த மொழியைப் பற்றியே எழுத வந்தேன்.

அந்தத் தாயின் பெயர் குல்ஸூம் சயானி. 1900ஆம் ஆண்டு குஜராத்தில் பிறந்தவர். டாக்டர் ஜான் முஹம்மது சயானியின் துணைவியார். காந்தியடிகளின் வழியில் விடுதலை இயக்கத்திலும் முதியோர் கல்வியிலும் ஈடுபட்டவர். பர்தாவின் காரணமாக வெளியே வந்து பயில இயலாத பம்பாய் முஸ்லிம் பெண்களுக்கு, அவர்தம் இல்லங்களுக்கே ஆசிரியைகளை அனுப்பி எழுத்தறிவிக்கும் பணியை அவர் மேற்கொண்டார். பெண்கள் கல்விக்கு நிலையத்தை எழுப்பிவிட்டு, வரவில்லையே என்று வருந்துவோர் இன்றும் உள்ளனர். அந்த அம்மையாரோ கல்வியையே வாசற்படி ஏற்றினார்.

எழுத்தறிந்தால் மட்டும் போதுமா? படிப்பதற்கு ஏதேனும் வேண்டுமே! 1940இல் ‘ரஹ்பர்’ என்னும் இதழை அவர் தொடங்கினார். வழிகாட்டி என்பது அதன் பொருள். புதிதாக எழுத்துக் கற்றவர்களுக்கென, எளிய ஹிந்துஸ்தானி நடையில், தேவநாகரி, உருது, குஜராத்தி ஆகிய மூன்று எழுத்துகளிலும் அது அச்சாயிற்று. இந்தியா? உருதுவா? என்று நாடே இரண்டுபட்டு நின்ற காலம் அது. ஒருபுறம் சமஸ்கிருதச் சொற்களும் மறுபுறம் பாரசீகச் சொற்களும் ஏற்றப்பட்டு, இடையில் நின்ற பாமரனுக்கு இரண்டுமே புரியாமற் போயின. எழுத்து எதுவாயினும் வீட்டில் பேசும் பேச்சு ஒன்றே என்று ஓர் இல்லத்தரசி பிடிவாதமாக இருபது ஆண்டுகள் இதழ் நடத்தினார். இந்திய அரசு 1959இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

அந்த இதழ்ப் பணியில் தாய்க்குத் துணைநின்ற சிறுவனே அமீன். 1932 டிசம்பர் 21இல் பிறந்தவர். இளமையில் அவருக்கிருந்த ஆசை அறிவிப்பாளராவதன்று, பாடகராவது. பருவ வயதில் குரல் உடைந்ததும் அந்த ஆசையும் உடைந்தது என்பதைப் பிற்காலத்தில் அவரே நகைச்சுவையாகச் சொல்லியிருக்கிறார். மேற்கே புகழ்பெற்ற மெல்லிசைப் பாடகர்கள் வானொலிக்கு வந்தனர். 1955இல் இங்கிலாந்தின் முதல்நிலைப் பாடகராக விளங்கிய ஜிம்மி யங், 1967இல் பி.பி.சி.யில் சேர்ந்து 2002 வரை பேசிக்கொண்டிருந்தார். அவர் பாடிப் பெயர் பெற்ற பின் ஒலிவாங்கிக்கு வந்தவர். நம்மவர் பாட இயலாமல் வந்தவர்.

அண்ணன் ஹமீத் சயானி ஆங்கில ஒலிபரப்பில் வல்லவர். அவர் கைப்பிடித்துச் சிறுவயதிலேயே பம்பாய் வானொலி நிலையத்துக்குச் சென்ற அமீன், ஆங்கில நிகழ்ச்சிகளில் பங்கேற்றார். பின்னர் இந்திக்கு விண்ணப்பித்தபோது அவரை ஏற்கவில்லை; உச்சரிப்பில் குஜராத்தி வாடையும் ஆங்கில வாடையும் வீசுகின்றனவாம்! மும்பையில் இலங்கை வானொலிக்காகத் தயாரிக்கப்பட்ட ஒரு நிகழ்ச்சியில், விளம்பரம் வாசிப்பவர் ஒருநாள் வராமற்போக, அந்த இடம் இவருக்குக் கிட்டியது. ஓவல்டின் பான விளம்பரம் அது. ஊதியம் என்ன தெரியுமா? வாரத்திற்கு ஒரு சிறு ஓவல்டின் டப்பா.

1952இல் மத்திய ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் தரக்குறைவானவை என்று கருதி, அகில இந்திய வானொலியிலிருந்து அவற்றைப் பெரும்பாலும் விலக்கினார். மக்கள் கேட்பதை விட்டுவிடவில்லை, நிலையத்தை மாற்றிக்கொண்டார்கள். போர்க்காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்காக நிறுவப்பட்ட வலிமை மிக்க சிற்றலை ஒலிபரப்பி கொழும்பில் இருந்தது. அதன் அலைகள் இந்தியா முழுவதையும் எட்டின. தமிழகத்தில் நம் இல்லங்களில் மயில்வாகனனாரின் குரலையும், பின்னாளில் பி.எச். அப்துல் ஹமீத் அவர்களின் பிசிறற்ற தமிழையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதன் வீச்சைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் ‘பினாகா கீத்மாலா’ தொடங்கிற்று. எழுத வேண்டும், பேச வேண்டும், வரும் கடிதங்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வாரத்திற்கு 25 ரூபாய். அனுபவம் மிக்கவர்கள் யாரும் முன்வராததால் இருபது வயதுகூட நிரம்பாத அமீனிடம் அது வந்தது. ஏழு பாடல்களை ஒலிபரப்பி, அவற்றைச் சரியான வரிசையில் எழுதி அனுப்பக் கோரும் போட்டி. பரிசு 100 ரூபாய். முதல் வாரமே 9,000 கடிதங்கள்! ஓராண்டிற்குள் அது வாரத்திற்கு 65,000 ஆயிற்று. இத்தனை கடிதங்களைக் கையாள இயலாமல், 1954இல் போட்டியைக் கைவிட்டுப் பாடல்களின் தரவரிசையாக நிகழ்ச்சியை மாற்றினர். புதன் இரவு எட்டு மணி என்றால் வடநாட்டுத் தெருக்கள் வெறிச்சோடின என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். 1988 வரை இலங்கையிலிருந்தும், பின்னர் 1994 வரை விவித் பாரதியிலிருந்தும் அது தொடர்ந்தது.

அவருடைய குரல் மட்டும் இதற்குக் காரணமாகாது. பாடலின் இடத்தைக் குறிக்க அவர் ‘பாயதான்’ என்றார். ஏணிப்படி போல ஒரு சொல். படித்தவரும் படியாதவரும் இந்துவும் முஸ்லிமும் அதைத் தம் வீட்டுச் சொல்லாகவே கேட்டனர். ரஹ்பர் இதழில் தாயிடம் பெற்ற பயிற்சியே தம் வானொலி மொழிக்கு அடித்தளம் என்று அவர் பலமுறை சொல்லியுள்ளார். மேடைகளில் ‘சகோதரர்களே, சகோதரிகளே’ என்று அழைப்பதே வழக்கமாக இருக்க, இவர் ‘பெஹனோ அவுர் பாயியோ’ என்று சகோதரிகளை முன்னிறுத்தினார். வீடுவீடாகப் பெண்களைத் தேடிச் சென்ற தாயின் மகன் அப்படி அழைத்ததில் எனக்கு வியப்பில்லை.

நபிமார்கள் தத்தம் சமூகத்தாரின் மொழியிலேயே அனுப்பப்பட்டனர் என்பதை மதரஸாவில் ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறேன். ஆயினும் என் பயான்களை நானே எண்ணிப் பார்க்கும்போது வெட்கமாக இருக்கிறது. ஒரு வாக்கியத்தில் நான்கு அரபுச் சொற்களை அடுக்கிவிட்டு, திரைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கு விளங்கியதா என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்?

அண்ணன் ஹமீத் 1975இல் மறைந்தபின், அவர் நடத்திவந்த போர்ன்விட்டா வினாடி வினாவையும் அமீனே ஏற்று நடத்தினார். 2009இல் பத்மஸ்ரீ அவரையும் வந்தடைந்தது. தாய்க்குக் கிடைத்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்! வாழ்நாளில் அவர் வழங்கிய வானொலி நிகழ்ச்சிகள் 54,000க்கும் மேல் என்பர்.

பள்ளிவாசல் வாயிலில் அந்த முதியவர் இன்னொன்றும் சொன்னார். அவருடைய கிராமத்தில் ஒரு நேயர் சங்கம் இருந்ததாம். வாரந்தோறும் கூடி, பாடல் வரிசையை அஞ்சலட்டையில் எழுதி அனுப்புவார்களாம். எழுதத் தெரிந்தவர் இவர் ஒருவரே. “உங்கள் ஊர்ப் பெயரை அவர் எப்போதாவது வாசித்தாரா?” என்று கேட்டேன்.

“ஒரு முறை வாசித்தார். அன்று மழை. வானொலி கரகரத்தது. ஊர்ப் பெயரில் பாதிதான் கேட்டது” என்றார். அதற்குள் மகன் வந்து ஷிஃப்ட்டுக்கு நேரமாகிறது என்று அழைக்க, ஸலாம் சொல்லி இருவரும் ரயில் நிலையம் நோக்கி நடந்தனர்.