சுண்டிக்குளம்: புள்ளும் தொழிலும்

இயற்கைப் பாதுகாப்புப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் மனிதரற்ற வெளியையே இயற்கை எனக் கொள்கின்றன. இக்கருத்து வரலாற்றுக்குப் பொருந்துமா என்பதைச் சுண்டிக்குளத்தை முன்வைத்து நோக்குவோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டை வன்னிப் பெருநிலத்தோடு பிணைக்கும் ஒடுங்கிய கரையில், ஆனையிறவுக் கடனீரேரி கிழக்குக் கடலை அண்மிக்குமிடத்தில் சுண்டிக்குளம் அமைந்துள்ளது. கனகராயன் ஆற்றின் மாரிவெள்ளம் உவர்நீருடன் இங்கு கலக்கின்றது. பூநாரை முதலிய வலசைப் பறவைகளுக்கும், மீனும் இறாலும் பிடித்து வாழும் மக்களுக்கும் இக்கலப்பே ஆதாரமாகும்.

இந்நீரின் இயல்புங்கூட மனித முயற்சிக்குப் புறம்பானதன்று. 1950களில் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டம், சுண்டிக்குளத்தில் அணையிட்டு உவர்நீரைத் தடுத்து, கடனீரேரியை நன்னீராக்க முனைந்தது. திட்டம் முழுமைபெறவில்லை. எனினும் அந்நீர் உவராயிருப்பதா நன்னீராவதா என்பது சமூகத் தீர்மானத்துக்கு உட்பட்டதென்பதை அது காட்டிற்று.

குடியேற்ற ஆட்சி 1938இல் இப்பகுதியைச் சரணாலயமாக்கியது. 2015இல் இது தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது. இதனை வெறும் பெயர் மாற்றமெனக் கொள்ளலாகாது. சரணாலயத்தினுள் தனியார் காணியும் மக்கள் தொழிலும் இடம்பெறலாம்; தேசிய பூங்காவோ அரசகாணியில் மட்டும் அமைவது, அனுமதிபெற்றுப் பார்வையிடுவோர்க்கே உரியது. 2004இன் கடற்கோளையும் 2009இல் முடிவுற்ற போரையும் கடந்து மீண்ட மீனவனின் வழக்கமான உழைப்பு, ஓர் எல்லைக்கோட்டால் குற்றமாகிவிடக்கூடும். 1842இல் இரைன்லாந்தில், காட்டில் வீழ்ந்த சுள்ளி பொறுக்குதல் 'திருட்டு' எனச் சட்டமாவதை இளம் மார்க்ஸ் கண்டித்தெழுதியமை இங்கு நினைக்கத்தக்கது. வழக்காற்றுரிமை சட்டத்தின் முன் மறைந்துபோகும் முறை இரண்டிலும் ஒன்றே.

தொல்காப்பியம் கருப்பொருள்களை வகுக்குமிடத்துப் புள்ளையும் மரத்தையும் 'செய்தி'யாகிய தொழிலையும் ஒரே நிரலில் வைக்கின்றது. திணையின் பொருளியல் அடிப்படையைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் விளக்கினார். நெய்தல் என்பது கடலும் மணலும் மட்டுமன்று. பரதவரின் உழைப்பும் அதனுள் அடங்கும். இதனைப் பழம்பெருமையாகவன்றி, நிலத்தையும் உழைப்பையும் பிரிக்காத ஒரு நோக்காகவே நாம் கொள்ளுதல் வேண்டும்.

பறவைகளைப் பாதுகாத்தல் அவசியமே. வேட்டையும் மணல் அகழ்வும் தடுக்கப்படல் வேண்டும் என்பதிலும் ஐயமில்லை. ஆயின் வலைவீசுவோனையும் மணலை விற்றுப் பொருளீட்டுவோனையும் சமமாக நிறுத்தும் சட்டம் நடுநிலையானதன்று. எல்லை வகுக்கும் மேசையில் அக்கரையின் உழைப்பாளருக்கும் இடம் வேண்டும். அவர்களை வெளியேற்றிப் புள்ளைக் காக்க முனைவது, திணையின் பாதியை அழித்து மறுபாதியைக் காக்க முனைவதாகும்.