ஆன்டிவைரஸுக்குக் காசு கட்டத்தான் வேண்டுமா?

புது லேப்டாப் வாங்கிக் கொஞ்ச நாளானதும் திரையின் மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி எட்டிப்பார்க்கும். ‘உங்கள் பாதுகாப்பு முடிந்துவிட்டது, உடனே புதுப்பியுங்கள்’ என்று தினமும் நச்சரிக்கும். முடிந்தது பாதுகாப்பு அல்ல, லேப்டாப்போடு இலவசமாகக் கொடுத்த ஆன்டிவைரஸின் சோதனைக் காலம். அதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டால், விண்டோஸோடு கூடவே வரும் டிஃபெண்டர் தானாக வேலையை எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இது உண்டு. தனியாகக் காசு கிடையாது. கரண்ட் பில் கட்ட, பிள்ளைகள் படிக்க, பேங்க் கணக்கு பார்க்க என்று புழங்கும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அதுவே போதும் என்பதுதான் என் கருத்து. ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தேடித் திறந்து, பச்சை டிக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் இரட்டைக் காவல் என்று நினைக்க வேண்டாம். ஒரே ஃபைலை இரண்டும் ஒரே சமயத்தில் சோதிக்கப் போய், மெஷின்தான் திணறும்.

காசு கேட்காத இன்னொரு காவல் அப்டேட். 2017 மே மாதம் உலகையே உலுக்கிய, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரான வானாக்ரை, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளைக்கூட முடக்கியது. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போடாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டிக்கொண்டன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதற்கான நீட்டிப்புத் திட்டத்திலும் சேராமல் அதையே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், ஆன்டிவைரஸ் வாங்கும் யோசனையை விட்டுவிட்டு, விண்டோஸ் 11-க்கு மாற வழியுண்டா என்று முதலில் பார்க்க வேண்டும்.

‘கிராக்’ போட்ட மென்பொருள்களுக்கு எந்தக் காவலும் உதவாது. அவற்றோடு வரும் குறிப்பைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் முதல் வரியே, ‘ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்’ என்றுதான் இருக்கும். வீட்டுக்காரரே கதவைத் திறந்துவிடுகிறார். ஸ்டாப் டெஜாவு (STOP/Djvu) போன்ற ரான்சம்வேர்கள் இந்த வழியாகத்தான் ஏராளமான வீடுகளுக்குள் நுழைந்து, கல்யாண ஃபோட்டோ முதல் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் வரை பூட்டிப்போட்டுப் பணம் கேட்டன. முக்கியமானவற்றை ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்து, எடுத்த கையோடு கழற்றி வையுங்கள். செருகியே வைத்திருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

வைரஸைப் போலவே வைரஸ் பயமும் பணம் பறிக்கிறது. ஏதோ ஒரு தளத்தைத் திறந்ததும் திரை முழுக்க நீல எச்சரிக்கை, சைரன் சத்தம், கீழே ஒரு போன் நம்பர். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் போன் நம்பர் இருக்காது. ஆல்ட், எஃப்4 இரண்டையும் சேர்த்து அழுத்தி மூடுங்கள். மூடவில்லையென்றால் டாஸ்க் மேனேஜரில் போய் பிரவுசரை நிறுத்துங்கள். இல்லாத வைரஸைக் காட்டிக் காசு பிடுங்குவது, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில் ஒன்று. நிறுத்த விடாமல் சந்தாவில் சிக்கவைப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் செய்யலாம். ஆட்டோ ரின்யூவலுக்கு உங்கள் கார்டிலிருந்து பணம் எடுக்க, குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பதும், வேண்டாமென்று நிறுத்தும் வசதி தர வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் விதி.

பயந்துபோய் அந்தப் போலி எச்சரிக்கையில் இருந்த நம்பருக்குப் பேசி, எதிர்முனையில் இருப்பவர்கள் சொன்னபடி, கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்தே இயக்கவிடும் எனிடெஸ்க்கையும் போட்டுக்கொடுத்துவிட்டால், முதல் வேலையாக நெட்டைத் துண்டியுங்கள். உடனே வேறொரு போனிலிருந்து பேங்குக்கும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் அழையுங்கள். பாஸ்வேர்டுகளையும் வேறு கருவியிலிருந்தே மாற்றுங்கள். ஏமாந்தது வெட்கம் என்று மறைப்பவர்கள் இழப்பது அதிகம். ஓடிபியை நாமே சொல்லியிருந்தாலும், பேங்குக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு பேங்கே பொறுப்பு என்பது ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதி. அதனால் புகார் எண்ணையும், புகார் கொடுத்த நேரத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளாமல் போனை வைக்காதீர்கள்.