துபாயில் ஞாயிற்றுக்கிழமை!

ஞாயிற்றுக்கிழமை என்றால் நமக்கு லீவு நாள். காலையில் நிதானமாக எழுந்திருக்கலாம். மதியம் கறிக்குழம்பு. சாப்பிட்டவுடன் ஒரு குட்டித் தூக்கம். சிறு வயது முதலே பழகிப்போன சுகம் இது.

ஆனால் துபாய்க்குப் பிழைக்கப் போன நம்மவர்களுக்கு இந்தச் சுகம் வெகுகாலம் கிடைக்கவில்லை. ஊரில் எல்லோரும் ஓய்ந்திருக்கும் நாளில், அவர்கள் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்கள். குழந்தைகள் பள்ளிக்கூடம் போனார்கள்.

அங்கே ஞாயிறு லீவு வந்தது 2022-ம் ஆண்டில்தான்!

வெள்ளி போய் ஞாயிறு வந்தது

முஸ்லிம்களுக்கு வெள்ளிக்கிழமை கூட்டுத் தொழுகை நாள். ஆகவே வளைகுடா நாடுகளில் அதுவே லீவு நாள். துபாய் இருக்கும் ஐக்கிய அரபு அமீரகத்தில் 2006-ம் ஆண்டு வரை வியாழனும் வெள்ளியும் சர்க்கார் லீவு. பிறகு வெள்ளியும் சனியும் என்று ஆயிற்று.

2022 ஜனவரி 1-ந் தேதி மறுபடியும் மாற்றினார்கள். சனியும் ஞாயிறும் முழு லீவு. வெள்ளிக்கிழமை அரை நாள் வேலை. பகல் தொழுகைக்கு முன் சர்க்கார் ஆபீசு மூடிவிடும்.

ஏன் இந்த மாற்றம்? உலகத்தின் பெரிய வியாபார நாடுகள் எல்லாம் வெள்ளியன்று வேலை செய்து, ஞாயிறு ஓய்வு எடுக்கின்றன. அவற்றோடு ஒத்துப்போனால்தான் கொடுக்கல் வாங்கல் தடைப்படாது. அதுதான் காரணம்.

பக்கத்து ஷார்ஜா இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. அங்கே சர்க்கார் ஆபீசுகளுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் லீவு!

ஆனால் சவுதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன் நாடுகளில் ஞாயிறு இன்றும் வேலை நாள்தான். அங்கே வாரம் தொடங்குவதே ஞாயிற்றுக்கிழமையில்!

முற்றம் இல்லாத வீடு

துபாயில் இந்தியர்கள் நிறைந்து வாழும் பகுதி கராமா. அங்கே ஒரு தமிழ்க் குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள்.

ஒரு படுக்கை அறை, ஒரு ஹால், ஒரு சமையல் அறை. இதுதான் வீடு. திண்ணை இல்லை. முற்றம் இல்லை. கோடையில் சன்னலைக்கூடத் திறக்க முடியாது. வெளியே 40 டிகிரிக்கு மேல் அனல் அடிக்கும். ஏ.சி. இரவு பகலாக ஓடும். குழாயில் வருவது கடல் நீர். உப்பை நீக்கிக் குடிநீர் ஆக்கி அனுப்புகிறார்கள்.

ஞாயிறு காலை கணவர் மீன் வாங்கப் போகிறார். நம் வஞ்சிரத்துக்கு அங்கே ‘கனாத்’ என்று பெயர். களவா மீனை ‘ஹமூர்’ என்பார்கள். நம் ஊர் முருங்கைக்காயும் கடையில் கிடைக்கும். கறிவேப்பிலைக்கு மட்டும் கடைக்குப் போக வேண்டாம். பால்கனித் தொட்டியில் ஒரு செடி இருக்கிறது. மனைவி அதைக் குழந்தை போல வளர்க்கிறார்.

குழம்பு கொதிக்கும்போது வீடு முழுவதும் மணக்கிறது. கண்ணை மூடிக்கொண்டால் அது தமிழ்நாடுதான்!

மணி ஒன்பது, ஊரில் பத்தரை

துபாய் நேரம் நம் நேரத்துக்கு 1½ மணி பின்னால் இருக்கிறது. அங்கே காலை 9 மணி என்றால் இங்கே 10.30. அப்போதுதான் ஊருக்குப் பேசுவார்கள்.

முன்பெல்லாம் இந்தப் பேச்சு அவசரப் பேச்சு. அங்கே வெள்ளி லீவு. ஊரில் அன்று அண்ணன் வேலைக்குப் போயிருப்பார், அவர் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். இங்கே ஞாயிறு லீவு; அங்கே வேலை.

இப்போது இரண்டு வீட்டுக்கும் ஒரே நாள் ஓய்வு. கைபேசியில் முகம் பார்த்துப் பேசலாம். “பேராண்டி, பல் விழுந்துடுச்சா? காட்டு பார்ப்போம்!” என்கிறார் பாட்டி. பேரன் வாயைத் திறந்து காட்டுகிறான். ஆண்டுக்கு ஒருமுறை ஊர் போகும் பேரனின் பல் விழுந்ததைப் பாட்டி அன்றே பார்த்துவிடுகிறார்!

மனைவி இருந்தும் ‘பேச்சிலர்’

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு விருந்தாளி வருகிறார். ஊர்க்காரர். ஊரில் அவருக்கு மனைவியும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் துபாயில் அவரை ‘பேச்சிலர்’ என்கிறார்கள்! குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக இருப்பவர்களுக்கு அங்கே அதுதான் பெயர்.

ஏன் குடும்பத்தை அழைக்கவில்லை? விசாவுக்கு மாதம் 4,000 திர்ஹம் சம்பளம் வேண்டும். கம்பெனியே வீடு கொடுத்தால் 3,000 திர்ஹம் போதும். கட்டிட வேலை செய்யும் பலருக்கு இது எட்டாத உயரம்.

வாரம் ஒரு நாளாவது ஓய்வு தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அது ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்பது இல்லை. கடையிலும் ஓட்டலிலும் வேலை செய்பவர்களுக்கு ஞாயிறுதான் வேலை அதிகம். அமைதியான ஞாயிறு எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை.

விருந்தாளி இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொள்கிறார். “வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு எத்தனை நாளாச்சு அக்கா!” என்கிறார்.

அ, ஆ, இ, ஈ

மாலையில் சிலேட்டு எடுக்கிறார் அம்மா. பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் உண்டு, அரபு கட்டாயம். தமிழ் எல்லாப் பள்ளியிலும் இல்லை. வீட்டில் சொல்லிக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

இது சின்ன விஷயம் அல்ல. துபாயில் பிறந்தாலும் அந்தப் பிள்ளைக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடையாது. அப்பாவின் வேலையை நம்பித்தான் நான்கு பேர் விசாவும் இருக்கிறது. வேலை போனால் சில மாதங்களில் பெட்டி கட்ட வேண்டியதுதான். அப்போது அவன் வந்து சேரும் இடம் நம் ஊர். பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரையாவது அவன் படிக்க வேண்டாமா?

அதனால்தான் அம்மா விடுவதில்லை. ‘ழ’ வரும்வரை எழுத வைக்கிறார்.

இரவு சீக்கிரமே விளக்கு அணைகிறது. திங்கட்கிழமை விடியற்காலையில் பள்ளி பஸ் வந்துவிடும்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் வெளிநாட்டில் இருக்கிறாரா? ஞாயிறு காலை போன் வந்தால், பணம், நிலம், வழக்குப் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பேரனைக் கூப்பிட்டு ஒரு கதை சொல்லுங்கள். அங்கே எல்லாம் விலைக்குக் கிடைக்கும். தாத்தா பாட்டி கதை மட்டும் இங்கிருந்துதான் போக வேண்டும்!