பால் சர்க்கரையும் மூச்சுப் பரிசோதனையும்

தில்லியிலும் பஞ்சாபிலும் குடியேறிய நம்மவர் சிலருக்கு இந்த அனுபவம் உண்டு. அண்டை வீட்டார் பெரிய தம்ளர் நிறையப் பாலைக் கொடுக்கின்றனர், மறுக்க மனமின்றிப் பருகியவருக்குச் சிறிது நேரத்தில் வயிறு உப்பி இரைகிறது, பேதியும் ஆகிறது. ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறோம். பழி பெரும்பாலும் தண்ணீருடையதன்று.

பாலிலுள்ள சர்க்கரை லாக்டோஸ் எனப்படும். சிறுகுடலில் சுரக்கும் லாக்டேஸ் என்னும் என்சைம் அதனைப் பிளந்தாலன்றி உடல் அதனை ஏற்காது. உலக மக்களுள் பெரும்பாலோர்க்குக் குழந்தைப் பருவத்திற்குப் பின் இச்சுரப்புக் குறைந்துவிடுகிறது. 1981-இல் வெளியான ஓர் ஆய்வில், பால் சர்க்கரை ஒவ்வாதோர் வடவருள் நூற்றுக்கு 27 பேர். தென்னாட்டாருள் ஏறத்தாழ 67 பேர். ஆகவே இது நோயன்று; பிறவி இயல்பு.

இதனை அறிய மூச்சே போதும். இரவு முழுவதும் உண்ணாதிருந்து, காலையில் கருவியில் ஒரு முறை ஊத வேண்டும். பின்னர்ப் பெரியவர்க்கு 25 கிராம் லாக்டோஸை நீரில் கரைத்துத் தருவது வழக்கம். குழந்தைக்கு எடையில் கிலோவுக்கு 1 கிராம், 25 கிராமுக்கு மேற்படாமல். அரை மணிக்கொரு முறையாக 3 மணி நேரம் ஊத வேண்டும். செரியாத சர்க்கரையைப் பெருங்குடல் நுண்ணுயிர்கள் புளிக்கவைக்க, ஹைட்ரஜன் வாயு தோன்றி, இரத்தத்தின் வழியே மூச்சில் கலக்கிறது. அது பத்து லட்சத்தில் 20 பங்கு உயர்ந்தால் குறை உண்டென்பர். சிலர் குடலில் மீத்தேன் வாயு தோன்றுவதால் சோதனை ஏமாற்றவும் கூடும். ஒரு மாதத்திற்குள் ஆன்டிபயாடிக் மருந்து உண்டிருந்தால் மருத்துவரிடம் மறவாது கூறுக.

ஊத அறியாத சிசுவுக்கு மலத்தின் புளிப்பையும் அதிலுள்ள சர்க்கரையையும் பார்ப்பதுண்டு. இங்கேதான் பெற்றோர் பதற்றத்தில் தவறுகின்றனர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பிறவி இயல்பால் இக்குறை தோன்றுவது அரிது. கடும் வயிற்றுப்போக்கினால் குடலின் உட்தோல் புண்பட்டுச் சுரப்புக் குன்றியிருக்கலாம். அது பெரும்பாலும் சில வாரங்களில் மீளும். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்துதல் கூடாது. குறை நீடித்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

பெரியவர்க்கும் ஒரு சொல். கருவி காட்டுவது செரிமானக் குறையை மட்டுமே. குறையிருந்தும் தொல்லையின்றி வாழ்வோர் பலர். உணவோடு ஒரு தம்ளர் பாலைத் தாங்குவோரே மிகுதி. தயிர் இன்னும் எளிது. அடுத்த முறை அண்டை வீட்டு அம்மையார் பாலை நீட்டினால், தயிராகக் கேட்டுப் பெறலாம்; அவ்வீட்டில் அதற்கும் குறைவிராது.