ஜெயித்தவருக்கும் திரும்பாத வக்கீல் பீஸ்

பாக்கி வசூலுக்காகக் கோர்ட் படி ஏறாத வியாபாரி நம்மில் குறைவு. சரக்கை எடுத்துக்கொண்டு பணம் தராத பார்ட்டி மேல் வழக்குப் போடும்போது அசல், வட்டி, அதற்கடுத்து "செலவுத் தொகையுடன்" என்று வக்கீல் எழுதுவதைப் பார்த்திருக்கிறோம். டிக்ரி ஆனால் கோர்ட் கட்டணம், விதிப்படியான வக்கீல் கட்டணம், நோட்டீஸ் பேட்டா எல்லாவற்றையும் கூட்டிய சிறு பட்டியல் ஒன்று டிக்ரியோடு வரும். கைவிட்டுப் போனது முழுவதும் வராது; என்றாலும் தோற்றவர் தலையில் ஒரு பங்காவது ஏறும்.

இந்தப் பழக்கத்தில், கடைச் சிப்பந்தியை வேலையை விட்டு நிறுத்திய விவகாரத்திலும் அப்படித்தான் நடக்கும் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். "கேஸ் போடட்டுமே, ஜெயித்துச் செலவையும் சேர்த்து வாங்கிவிடுவோம்" என்று கடைத்தெருவில் பேசுவதைக் காதாரக் கேட்டிருக்கிறோம். அங்கே கணக்கு வேறு.

அண்மையில் ஒரே மாதத்தில் இரண்டு பேர் நம்மிடம் யோசனை கேட்டு வந்தார்கள். ஒருவர் மல்லி, மிளகாய் மண்டி வைத்திருப்பவர். எடை போடும் ஆள் சரக்கை வெளியே விற்றதைக் கண்டுபிடித்து, முறைப்படி விசாரித்து நீக்கினார். அந்த ஆள் மேல்முறையீடு செய்தார். இரண்டரை ஆண்டு இழுத்து, மண்டிக்காரர் பக்கமே முடிந்தது. மற்றவர் ஒரு மளிகை மொத்தக் கடையில் பதினான்கு வருஷம் பேரேடு எழுதியவர். முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்து கம்ப்யூட்டர் பில் போட ஆரம்பித்ததும், ஒரு சனிக்கிழமை இரவு கல்லா கட்டும் நேரத்தில், "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். நோட்டீஸும் இல்லை, ஒரு மாதச் சம்பளமும் இல்லை. அவரும் மேல்முறையீடு செய்து ஜெயித்தார். கடைக்காரர் ஹைகோர்ட் வரை போயும் உத்தரவு நின்றது.

ஆக இருவருமே ஜெயித்தவர்கள். இருவரும் கேட்ட கேள்வியும் ஒன்றே: "வக்கீலுக்குக் கொடுத்த பணத்தை எதிராளியிடம் வாங்க முடியுமா?" இருவருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்ல முடிந்தது.

சட்டத்தைப் பார்ப்போம். நம் கடைகளுக்குப் பொருந்துவது 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். அதன் 41-ம் பிரிவை ஒவ்வொரு கடைக்காரரும் ஒருமுறையாவது படித்திருக்க வேண்டும். தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமல் நிறுத்தக் கூடாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்க வேண்டும். ஒழுங்கீனம் என்று நீக்கினால் மட்டும் நோட்டீஸ் வேண்டியதில்லை. ஆனால் அதற்கென ஒரு விசாரணை வைத்து, சாட்சியத்தை எழுத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஒரு மாதச் சம்பளத்தை மேஜையில் வைத்துவிட்டால் யாரையும் அனுப்பிவிடலாம் என்று நினைப்பவர்கள், முதலில் நியாயமான காரணம் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நீக்கப்பட்டவர் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். உத்தரவு கைக்குக் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாள் கெடு. அதிகாரியின் முடிவே இறுதி. அதற்கு மேல் ரிட் மனுவாக ஹைகோர்ட்டுக்குத்தான் போக முடியும். இவ்வளவு சொல்லும் 41-ம் பிரிவில் செலவுத் தொகை பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. சுருக்கமாக விசாரித்து முடிக்க வேண்டும் என்பது விதிகளின் நோக்கம். சிப்பந்தி தானே வந்து, தானே பேசி, நியாயம் பெற்றுப் போவார் என்று அந்தக் காலத்தில் எண்ணியிருக்கலாம். இன்று இரண்டு பக்கமும் வக்கீல் இல்லாமல் நடப்பது அபூர்வம். ஹைகோர்ட்டிலும், சென்னை ஆனாலும் மதுரைக் கிளை ஆனாலும், இத்தகைய உத்தரவுகளின் கடைசி வரியைப் பார்த்தால் பெரும்பாலும் "செலவுத் தொகை இல்லை" என்றுதான் இருக்கும். பேரேடு எழுதியவருக்கும் அந்த வரிதான் கிடைத்தது.

இன்னொரு வழி தொழிலாளர் நீதிமன்றம். 1947-ம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் 2025 நவம்பர் 21 வரை நடப்பில் இருந்தது. அன்று முதல் 2020-ம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் அதன் இடத்துக்கு வந்துவிட்டது. மனுப் போட முன்பு மூன்று ஆண்டு கெடு இருந்தது; இப்போது இரண்டு ஆண்டு. பழைய சட்டத்தின் 11-ம் பிரிவு 7-வது உட்பிரிவு, செலவை யார், யாருக்கு, எவ்வளவு தருவது என்று தீர்மானிக்கும் முழு அதிகாரத்தை நீதிமன்றத்துக்கே விட்டிருந்தது. அப்படி உத்தரவான செலவைத் தராவிட்டால் அரசிடம் மனுக் கொடுத்து நிலவரிப் பாக்கி போல ஜப்தி செய்து வசூலிக்கவும் அதிலேயே வழி சொல்லியிருந்தது. படிக்கும்போது பலமான ஏற்பாடுதான். ஆனால் அதிகாரம் இருப்பது வேறு, அதைப் பயன்படுத்துவது வேறு. ஏதோ சிறு தொகை உத்தரவானால் உண்டு. வக்கீலுக்குக் கொடுத்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இராது.

அந்தச் சிறு தொகையும் கேட்டால்தான் வரும். மனுவிலேயே, பதில் மனுவிலேயே, செலவுத் தொகை வேண்டும் என்று எழுத வேண்டும். வக்கீல் ரசீது, நகல் செலவு, சாட்சிகளை அழைத்து வந்த செலவு ஆகியவற்றைப் பட்டியல் போட்டுக் கடைசி வாதத்துக்கு முன் தாக்கல் செய்ய வேண்டும். எதிராளி வேண்டுமென்றே வாய்தா வாங்கியிருந்தால் அந்தத் தேதிகளையும் குறித்துக் காட்ட வேண்டும். உத்தரவு வந்தபின் "அதையும் சேர்த்திருக்கலாமே" என்று வருந்திப் பயனில்லை.

சிவில் கோர்ட்டிலும் நிலைமை ஒன்றும் பிரமாதம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொய் வழக்குப் போட்டவரிடமிருந்து வாங்கித் தரும் ஈட்டுத் தொகைக்குச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 35-ஏ பிரிவில் உச்சவரம்பு 3,000 ரூபாய். மல்லி மூட்டை ஒன்று வாங்கக்கூட அது காணாது. 2011-ல் சுப்ரீம் கோர்ட் முடித்த ஒரு வழக்கில், ஜெயித்தவருக்கு அவர் உண்மையில் செலவழித்த 45 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகையைக் கொடுக்கும்படி டில்லி ஹைகோர்ட் உத்தரவிட்டிருந்தது. சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. விதிகள் அனுமதிக்கும் அளவுக்கு மேல் செலவுத் தொகை தர முடியாது என்று ரத்து செய்தது.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள வழக்கமும் அல்ல. பிரிட்டனில் நியாயமற்ற பணிநீக்கத்துக்கு எதிராக 1971-ல் சட்டம் வந்தது. அங்கே சாதாரணக் கோர்ட்டுகளில் தோற்றவர் செலவைக் கொடுப்பது வழக்கம். ஆனால் வேலை சம்பந்தமான தீர்ப்பாயத்தில் அவரவர் செலவு அவரவருக்கு. ஒரு தரப்பு வீம்புக்காக வழக்கை நடத்தியது என்று கண்டால்தான் விதிவிலக்கு. 2013-ல் மனுப் போடுவதற்கே கட்டணம் வைத்துப் பார்த்தார்கள். மனுக்கள் வெகுவாகக் குறைந்தன. 2017-ல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட் அந்தக் கட்டணத்தைச் சட்டவிரோதம் என்று தள்ளிவிட்டது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. தோற்றால் முதலாளியின் வக்கீல் பீஸையும் தான் கட்ட வேண்டும் என்றால், மாதச் சம்பளக்காரர் எவரும் வாசற்படி மிதிக்க மாட்டார்.

அப்படியானால் முதலாளிக்கு இதில் லாபமா? அதுதான் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 15,000 ரூபாய் சம்பளக்காரர் ஒருவரை வாய்ச்சொல்லில் நிறுத்துகிறோம். வழக்கு மூன்று வருஷம் ஓடுகிறது. தோற்றால் பின்சம்பளம் மட்டும் 5,40,000 ரூபாய். 2013-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பில், தவறாக நீக்கப்பட்டவருக்குப் பின்சம்பளத்தோடு மீண்டும் வேலை என்பதே பொது விதி என்று சொன்னது. அவர் வேறு எங்கோ சம்பாதித்தார் என்றால் அதை நிரூபிக்க வேண்டிய சுமை முதலாளியுடையது. தொழிலாளர் நீதிமன்றம் மீண்டும் வேலை கொடுக்கச் சொன்ன பிறகு நாம் ஹைகோர்ட்டுக்குப் போனால், வேறு வேலை இல்லை என்று அவர் பிரமாணப் பத்திரம் கொடுத்தால், அந்த வழக்கு முடியும்வரை கடைசியாக வாங்கிய முழுச் சம்பளத்தை மாதாமாதம் கொடுக்கவும் 1984 முதல் சட்டம் இருந்து வருகிறது. இத்தனைக்கும் மேல் நம் வக்கீல் பீஸ். அது ஜெயித்தாலும் தோற்றாலும் நம் கணக்கில்தான்.

திரும்ப வருவது ஒன்றே ஒன்று. தொழில் சம்பந்தமான வழக்குக்கு வக்கீலுக்குக் கொடுத்ததை வருமான வரிக் கணக்கில் தொழில் செலவாகக் காட்டலாம். அதற்கும் ரசீது வேண்டும். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். மண்டிக்காரர் அறுபதாயிரத்தை ஒரே தடவையில் நோட்டாக எண்ணிக் கொடுத்திருந்தார். அவருக்கு அந்த ஒன்றும் இல்லாமல் போயிற்று. சிப்பந்திக்கோ இந்த வசதியே கிடையாது. அவர் செலவழித்தது மனைவியின் நகை மேல் வாங்கிய கடனாக இருக்கும்.

இந்த இடத்தில் நம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். சில உறுப்பினர்கள் முகம் சுளிக்கலாம். நியாயமில்லாமல் நிறுத்தப்பட்டவர் ஜெயித்து வரும்போது, பின்சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு வக்கீலுக்குப் போய்விட்டால் அவருக்குக் கிடைத்தது முழு நியாயம் அல்ல. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பது உண்மை. எடை குறைந்த மூட்டையை வாடிக்கைக்காரர் திருப்பி அனுப்பினால், வண்டிக் கூலியை நாம்தான் ஏற்றுக்கொள்கிறோம். எந்தச் சட்டமும் சொல்லி அல்ல. நம் பக்கம் தவறு என்று உத்தரவான பிறகு, பேசி முடிக்கும்போது அவருடைய வழக்குச் செலவையும் சேர்த்துக் கொடுப்பதுதான் வியாபார முறை. மேலே ஒரு கோர்ட்டுக்குப் போனால் ஆகும் பீஸை விட அது குறைவாகவே இருக்கும். பேரேடு எழுதியவரின் முதலாளியிடம் நாம் இதைத்தான் சொன்னோம். முதலில் மறுத்தார். ஹைகோர்ட் வக்கீலின் பில்லைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்ன பிறகு, பாதியைத் தர ஒப்புக்கொண்டார்.

வழக்கே வராமல் பார்த்துக்கொள்வது இதைவிட மலிவு. மண்டிக்காரர் ஜெயித்தது அவருடைய காகிதத்தினால். என்ன சரக்கு, எந்தத் தேதி, எத்தனை கிலோ என்று குறிப்பிட்டுக் குற்றச்சாட்டை எழுதிக் கொடுத்தார். பதில் சொல்ல ஒரு வாரம் தந்தார். விசாரணையைத் தாம் நடத்தாமல், சம்பந்தமில்லாத ஒருவரை வைத்து நடத்தினார். குற்றம் சாட்டியவரே நீதிபதியாக உட்கார்ந்த விசாரணை எங்கும் நிற்காது. சாட்சி சொன்னதை எழுதி, குறுக்கு விசாரணைக்கு இடம் கொடுத்து, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். கடைசி உத்தரவை எழுத்தில் கொடுத்தார். வாங்க மறுத்ததும் தபாலில் அனுப்பி ஒப்புகையைப் பத்திரப்படுத்தினார். 2025-ல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால், இனி ஸ்பீடு போஸ்ட்டிலேயே பதிவுச் சேவையும் ஒப்புகையும் கேட்டு வாங்க வேண்டும். வாய்ச்சொல்லில் நிறுத்துபவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. முப்பது நாள் கெடு ஓட ஆரம்பிப்பதே எழுத்து உத்தரவு சேர்ந்த நாளிலிருந்துதான். உத்தரவே கொடுக்கவில்லை என்றால், கெடு தாண்டிவிட்டது என்று நாம் பேச இடமில்லை.

சமரசம் என்று முடிவானால் ஒரே தொகையாக எழுதிக் கையெழுத்து வாங்காதீர்கள். பின்சம்பளம் இவ்வளவு, நோட்டீஸ் சம்பளம் இவ்வளவு, பணிக்கொடை இருந்தால் இவ்வளவு, வழக்குச் செலவுக்காக இவ்வளவு என்று தனித்தனி வரியாக எழுதி, காசோலை எண்ணையும் குறித்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, வழக்கு நடக்கும் அதிகாரி முன்னிலையிலேயே தாக்கல் செய்யுங்கள். வெளியே திண்ணையில் எழுதிய சமரசம் மறுபடி வழக்காகிறது; அப்போது இன்னொரு வக்கீல் பீஸ்.