தரங்கம்பாடியிற் கண்டதும் கற்றதும்

யாத்திரை செல்வோர் கருதிச் செல்வது ஒன்றும், கண்டு மீள்வது பிறிதொன்றும் ஆதல் உண்டு. எமக்கும் அங்ஙனமே நேர்ந்தது. மார்கழித் திங்களின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை வைகறையில், தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவராகிய யாம் ஐவர், வாடகை மோட்டார் ஒன்றில் திருச்சியினின்று புறப்பட்டோம். தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறை என்னும் ஊர்களைக் கடந்து, ஏறத்தாழ 160 கிலோமீட்டர் சென்று, நண்பகலுக்குமுன் தரங்கம்பாடிக் கடலைக் கண்டோம்.

யாம் காண விழைந்தது அச்சு நூலின் வரலாற்றை. தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதர் 1620-இல் டேனிய வணிகருக்கு இவ்வூரில் இடம் அளித்தார். அவ்வாண்டிலே எழுந்த டான்ஸ்பர்க் கோட்டை இன்றும் கடலை நோக்கி நிற்கின்றது. 1706-இல் இங்கு வந்திறங்கிய சீகன்பால்க் ஐயர், சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார் என்பர். ஓலைச் சுவடிகளைத் திரட்டி, 1708-இல் அவற்றிற்கு அட்டவணை வகுத்தார், சொற்களையும் தொகுத்தார். தமிழ் நூல் 1578-இலேயே அச்சேறியதாயினும், புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி நிறைவுற்றது 1715-இல் இவ்வூரிலேயாம். அவர் துயிலும் ஆலயத்தைக் கண்டு, கடற்கரை அடைந்தோம். ஆங்கே, 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியன் குலசேகரன் காலத்தெழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டிருத்தலைக் கண்டு வருந்தினோம்.

மறுநாட் காலையில் படகுகள் யாவும் மணலிற் கிடந்தன. வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரை அணுகி, "ஐயா, இன்று எவரும் தொழிலுக்குச் செல்லாதது ஏன்?" என்று வினவினோம். அவர், "தம்பிமாரே, வாடை கடுமை; நீவாடும் மிகுதி. வலை நில்லாது," என்றார்.

நூல்களில் கொண்டல் கீழ்காற்று, கோடை மேல்காற்று, வாடை வடகாற்று, தென்றல் தென்காற்று. பிரிந்தாரை வருத்தும் காற்றாகவே வாடையை யாம் பாடத்தில் அறிவோம். அவருக்கோ அது அடுப்பெரிவதும் எரியாமையும் பற்றிய செய்தி. நீவாடு என்பது கடலின் நீரோட்டம். மாரிக்காலத்தில் அது கரையோரமாகத் தெற்கு நோக்கி ஓடும். கோடையில் வடக்கு நோக்கித் திரும்பும். மேல்நீர் ஒருபாலும் அடிநீர் மற்றொருபாலும் ஓடுங்கால் வலை முறுக்கிக்கொள்ளும். ஆதலின், நீரின் போக்கறியாது வலையிடுவோன் மீனையும் இழப்பான், வலையையும் இழப்பான்.

அவர் இளமையிற் கற்றது கட்டுமரத்தொழில். மரங்களைக் கயிற்றாற் பிணைத்துக் கடலிற் செலுத்தி, கரை சேர்ந்தபின் அவிழ்த்து உலர்த்துவர். இச்சொல் ஆங்கிலத்திலும் புகுந்து வழங்குகின்றது. இன்று அவர்தம் பேரன் எந்திரம் பூட்டிய பைபர் படகிற் செல்கின்றான். செயற்கைக்கோளின் உதவியால் திசை காட்டும் கருவி அவன் கையில் உளது. அதனால் வழி தவறுதல் குறைந்தது நன்மையே. ஆயினும் காற்றின் பெயர்களை அவன் கேட்பதில்லை என்றார் முதியவர்.

பின்பு 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாளைப் பற்றிக் கேட்டோம். சிறிது நேரம் அவர் கை வலையிலேயே இருந்தது. "காற்றின் பெயரும் நீரின் பெயரும் என் தகப்பனார் சொல்லித் தந்தார். அன்று வந்த நீருக்கு மாத்திரம் எங்களிடம் பெயர் இருந்ததில்லை," என்றார். சுனாமி என்னும் சப்பானியச் சொல்லை இன்று அக்கரையிற் சிறு குழவியும் அறியும். அதனை அறிதற்கு அவ்வூர் கொடுத்த விலையை யாம் மேலும் வினவத் துணிந்திலோம்.

ஒரு பெயரேனும் அறியப்பட்டிருப்பின், அதனைக் கேட்டு ஓடியிருப்பார் சிலர் அன்றோ? கடலோரத்தில் சொல் என்பது அணியன்று, உயிர்க்காவல். அத்தகைய சொற்கள் அகராதி ஏறாமலே முதியவரோடு மறைதல் தகுமோ?

கல்லெழுத்துக்களைப் பெயர்த்தெழுதக் கொணர்ந்த குறிப்பேட்டில், அவர் சொல்லச் சொல்ல, காற்று, நீர், வலை, மீன் இவற்றின் பெயர்களை மாலைவரை எழுதினோம். பதினொரு பக்கங்கள் நிரம்பின. அயல்நாட்டார் ஒருவர் இவ்வூர் மணலில் அமர்ந்து எம்மொழியைக் கற்றார். இம்மொழியிற் பிறந்த யாம் அதே மணலில் அமர்ந்தது அன்றே முதன்முறை. கோடை விடுமுறையில் மீண்டும் வருவதாக அம்முதியவரிடம் சொல்லி வந்துள்ளோம். உடன் வர விரும்பும் மாணவர் எம்மை அறிவிப்பாராக.