சித்தப்பாவின் இலுப்பையும் கல்வராயன் வௌவால்களும்

போன வைகாசியில் கச்சிராயபாளையத்திலிருந்து சித்தப்பா போன் பண்ணினார். "ஏன்டா, கொல்லையில நிக்கிற இலுப்பைய வெட்டிடலாம்னு இருக்கேன். ராத்திரி ஆனா வௌவால் தொல்லை தாங்கல. கொய்யா, மாம்பழம் ஒண்ணும் மிஞ்சல. நீதான் எதையாவது படிச்சிக்கிட்டே இருப்பியே, சொல்லு."

நான் படித்தது பி.இ., பார்ப்பது மென்பொருள் வேலை. இருந்தாலும் ஒரு வாரம் டைம் கேட்டேன். அந்த ஒரு வாரமும், அதற்குப் பிறகு மலைக்குப் போய் வந்ததும் சேர்ந்ததுதான் இந்தக் குறிப்பு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். வௌவாலுக்குக் கண் தெரியாது என்று பள்ளிக்கூடத்தில் நம்மில் பலர் கேட்டிருப்போம். அது தப்பு. பூச்சி தின்னும் சின்ன வௌவால்கள்தான் நம் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியை வைத்து இரை பிடிக்கின்றன. ஆலமரத்தில் தலைகீழாகத் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால் கண்ணையும் மூக்கையும் நம்பித்தான் பறக்கிறது. நல்ல பெரிய கண். இறக்கையை விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல் வரும்.

சித்தப்பா கொல்லைக்கு வருவது இதுவும், இதைவிட ரொம்பச் சின்னதான குறுமூக்கு வௌவாலும். சின்னதன் பழக்கம் சுவாரசியமானது. பழம் இருக்கும் மரத்திலேயே உட்கார்ந்து சாப்பிடாது. ஆந்தை மாதிரி எதிரிகள் அங்கே காத்திருக்கும். அதனால் பழத்தைக் கவ்விக்கொண்டு வேறொரு மரத்துக்குப் போய், சாற்றை உறிஞ்சிவிட்டு சக்கையைத் துப்பும், கொட்டையைக் கீழே போடும். காலையில் ஒரு நெட்டிலிங்கத்தின் அடியில் இலுப்பைக் கொட்டை கிடந்தால், ராத்திரி அங்கே பந்தி நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

இது ஏன் முக்கியம்? இலுப்பை விதை ரொம்ப நாள் தாங்காது, சில வாரங்களில் முளைப்புத்திறன் போய்விடும். தாய்மரத்தடியிலேயே விழுந்தால் பூச்சியும் பூஞ்சையும் தின்றது போக, நிழலில் தவிக்க வேண்டியதுதான். யாராவது சீக்கிரம் எடுத்துக்கொண்டு போய் வேறு இடத்தில் போட வேண்டும். இவ்வளவு பெரிய கொட்டையைத் தூக்கிப் போகிற பறவைகள் நம் பக்கம் குறைவு. வௌவால் கூலி வாங்காமல் செய்கிறது.

பூவிலும் இதே கதைதான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்கிறோமே, அந்தச் சர்க்கரைக்குத்தான் இரவில் வௌவால் வருகிறது. வெளிறிய நிறம், தூரத்திலிருந்தே இழுக்கும் வாசனை, சதைப்பற்றான இதழ் எல்லாமே இரவு விருந்தாளிக்காக அமைந்த மாதிரி இருக்கும். சாப்பிட வந்தது மூஞ்சியில் ஒட்டிய மகரந்தத்தோடு அடுத்த மரத்துக்குப் போகிறது. இலவ மரத்துக்கும் இப்படித்தான்.

ஆல், அரசு, அத்தி விஷயம் வேறு. அவற்றின் விதை கடுகைவிடச் சின்னது, பழத்தோடு வயிற்றுக்குள் போய்விடும். குறுமூக்கு வௌவாலின் குடலில் உணவு அரைமணி நேரம்கூடத் தங்குவதில்லை. பறவை பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்து எச்சமிடும். வௌவால் பறந்துகொண்டே போடும். அதனால் மரமே இல்லாத வெட்டவெளியிலும் விதை விழுகிறது. வெள்ளிமலை ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும், சரிவு சரிவாக மரவள்ளிக்காடு. (காடு என்றால் நம் ஊரில் மானாவாரி நிலம். வனத்தை அழித்துப் போட்டதையும் காடு என்றே சொல்கிறோம்!) அப்படி ஒரு சரிவைத் தரிசாக விட்டால், மரம் திரும்பி வருவதற்கு முதல் விதையை யாராவது போட வேண்டும். அந்த வேலையில் வௌவாலுக்குப் பெரிய பங்கு. கூட வந்த மலையாளி அண்ணன் ஒரு பாறைப் பிளவில் நின்ற அத்திக் கன்றைக் காட்டி, "இதெல்லாம் யாரும் நட்டதில்லீங்க சார்" என்றார்.

பூச்சி தின்னும் வௌவால்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். வயலுக்கு மேல் இரவெல்லாம் அந்துப்பூச்சிகளை வேட்டையாடுகின்றன என்பதோடு இப்போதைக்கு நிறுத்திக்கொள்கிறேன்.

நம் சட்டம் இவற்றை நடத்திய விதம்தான் எனக்குக் கோபம் தந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பழந்தின்னி வௌவால்களை எலி, காக்கையோடு சேர்த்துத் தீங்குயிரி என்று பட்டியல் போட்டார்கள். 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியலே நீங்கியது. சட்டம் வந்த அதே 1972-ல்தான் சலீம் அலி வௌவால் தனி இனம் என்று தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தோங்லோங்யா கண்டுபிடித்தார். 1948-ல் தேனிப் பக்கம் மேகமலையில் பிடித்த அந்த ஒற்றை மாதிரி, வேறு பெயரோடு 24 வருஷம் பம்பாய் சேகரிப்பில் தூங்கியிருக்கிறது.

எலியோடு சேர்த்ததில் ஒரு பெரிய கணக்குப்பிழை உண்டு. எலி வருஷத்துக்குப் பல ஈற்று, ஒவ்வொன்றிலும் பல குட்டி போடும். பெரிய பழந்தின்னி வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டி. ஒரு கூட்டத்தைச் சுட்டுத் தீர்த்தால் அது மீண்டு வரப் பல வருஷம் ஆகும்.

சித்தப்பாவிடம் நஷ்டமே இல்லை என்று சொல்லவில்லை. பழுத்த கொய்யாவை வௌவால் தின்னத்தான் செய்யும். ஆனால் மாங்காயை வியாபாரி காயாகவே பறித்துப் போகிறார். வௌவாலுக்கு வேண்டியது மரத்தில் பழுத்தது. "இலுப்பைய வெட்டினா அது வராம இருக்காது சித்தப்பா. அங்க தின்னதையும் சேர்த்து உங்க கொய்யாவுலதான் தின்னும்" என்றேன். நிபா பயத்தையும் கேட்டார். கடித்த பழத்தைச் சாப்பிடாதீங்க, பிள்ளைகள் கீழே கிடப்பதை எடுக்க விடாதீங்க, செத்த வௌவாலைக் கையால் தொடாதீங்க என்று சொன்னேன்.

கொய்யாவுக்கு மட்டும் வலை வாங்கியிருக்கிறார். மெல்லிய நைலான் வலை வேண்டாம், இறக்கை சிக்கிச் செத்துப்போகும், தடிமனானதை இழுத்துக் கட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இலுப்பை இப்போதைக்கு நிற்கிறது. "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றார். பங்குனியில் பூ வரும்போது ஒரு ராத்திரி அங்கே உட்கார்ந்து எண்ணிப் பார்க்கப் போகிறேன்.